விளிம்பில் நுழையும் குளிரும் கள்வனும்

வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை முன்வாசற் கதவைப் பற்றியனவாகவே இருந்தன. ஆகவே கூரை ஒழுக்கையும் குளியலறைப் பூஞ்சணத்தையும் அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை பழைய மரக்கதவுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்கள் இடங்கருதிச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஈஸ்ட் ஹாமில் 1905ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட தொடர்மனை ஒன்றை வாங்கிக் குடியேறி மூன்று ஆண்டுகளாகின்றன. முன்கதவு வீட்டின் வயதையே உடைய மரக்கதவு. குளிர்காலத்தில் வாசலோரம் நின்று சப்பாத்தைக் கழற்றக்கூட முடியாத அளவுக்குக் குளிர்காற்று வீசுகிறது. அண்மையில் வீடு தேடி வந்த விற்பனையாளர் ஒருவர், மரக்கதவு என்றாலே வெப்பம் வெளியேறத்தான் செய்யும் என்றும், பல பொருட்களை அடுக்கிச் செய்த புதிய கொம்போசிட் கதவைப் பொருத்தினால் வெப்பச் செலவு பாதியாகிவிடும் என்றும் கூறுகிறார். கணவருக்கு அதில் விருப்பம். எனக்கோ அந்தக் கதவை இழக்க மனமில்லை. யார் சொல்வது சரி?
ஈஸ்ட் ஹாம் வாசகி

பதில்: சகோதரி, கதவைக் கழற்றுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு பாகை வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடந்து போகிறது என்பதைக் குறிக்கும் எண்ணை யூ மதிப்பு என்பார்கள். உங்கள் கதவின் சட்டங்கள் ஏறத்தாழ 44 மி.மீ. தடிப்புள்ள பைன் மரமாக இருக்கும். அவற்றின் யூ மதிப்பு 2 அளவில் வரும். சட்டங்களுக்கு இடையே செருகப்பட்ட மெல்லிய பலகைகள் 10 அல்லது 12 மி.மீ. தடிப்பே உள்ளவை என்பதால் அவற்றின் மதிப்பு 4ஐ நெருங்கும். இரண்டையும் சேர்த்துக் கதவு முழுவதற்கும் சராசரியாக 3 என்று வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 2 மீட்டர் உயரமும் 84 செ.மீ. அகலமும் உள்ள கதவின் வழியாக, உள்ளே 20 பாகையும் வெளியே 5 பாகையும் இருக்கும் ஓர் இரவில், 75 வாட் அளவில் வெப்பம் போகும். இங்கிலாந்தில் 2022 ஜூன் மாதத்திலிருந்து, நிலையோடு சேர்த்து மாற்றப்படும் கதவு 1.4க்கு மேற்படாத யூ மதிப்புடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட புதிய கதவின் வழியாகவும் 35 வாட் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆக, ஆயிரம் பவுண்டுக்கு மேல் செலவழித்து நீங்கள் மீட்கப்போவது 40 வாட், அதாவது பழைய காலத்து மின்குமிழ் ஒன்று எரிந்த அளவு. வெப்பச் செலவு பாதியாகும் என்ற பேச்சுக்கு இதில் இடமேயில்லை.

அப்படியானால் அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? கதவுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு பவுண்ட் நாணயத்தைச் செருகிப் பாருங்கள். அதன் தடிப்பு 2.8 மி.மீ. அது தடையின்றி நுழைந்து கதவைச் சுற்றிவர ஓடுமானால், 5.6 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவில் 3 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று பொருள். அதைப் பெருக்கினால் 170 சதுர செ.மீ. வருகிறது. இது 13 செ.மீ. நீளமும் 13 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துளைக்குச் சமம். சுவரில் அப்படியொரு துளை இருந்தால் அதை அடைக்காமல் யாரும் உறங்கப் போகமாட்டார்கள். அந்தப் பரப்பின் வழியாகக் காற்று நொடிக்கு அரை மீட்டர் என்ற மெதுவான வேகத்தில் நுழைந்தாலும், அதைச் சூடாக்க 150 வாட் வரை தேவைப்படுகிறது. கதவு முழுவதன் மரமும் இழக்கும் வெப்பத்தைப் போல இது இரண்டு மடங்கு. மரத்தின் மேல் பழி போடுகிறோம். குற்றம் விளிம்பில் இருக்கிறது.

காற்றுள்ள ஒரு நாளில் சமையலறைப் புகைவிசிறியை ஓடவிட்டு, சாமிப் படத்துக்கு ஏற்றும் ஊதுபத்தி ஒன்றைக் கதவின் ஓரமாக மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள். புகை எங்கே வளைந்து உள்ளே அடிக்கிறதோ அங்கே ஒரு சோக்குக் கட்டியால் அடையாளமிடுங்கள். பெரும்பாலும் அடிப்பகுதி, பூட்டுப் பக்கத்தின் மேல்மூலை, கடிதத் துவாரம், திறப்புத் துவாரம் என்ற வரிசையில் அடையாளங்கள் விழும்.

அடிப்பகுதிக்கான வழியைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன். கதவின் மேற்பக்கமும் இரு பக்கவாட்டுகளும் அடைபட வேண்டுமானால், கதவு மூடும்போது அழுந்தும் இறப்பர்ப் பட்டையை நிலையின் உள்விளிம்பில் பொருத்த வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஸ்பொஞ்ச் ஒட்டுப்பட்டை ஒரு குளிர்காலத்தைத் தாண்டாமல் நசுங்கிவிடும் என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஈபிடிஎம் என்னும் இறப்பரால் ஆன ஒட்டுப்பட்டை அதைவிட நெடுங்காலம் உழைக்கும். அலுமினியம் அல்லது மரச் சட்டத்தில் பதித்துத் திருகாணியால் பொருத்தப்படும் பட்டை இன்னும் சிறந்தது, ஏனெனில் நிலை வளைந்திருந்தாலும் சட்டத்தை முன்பின் நகர்த்தி ஒத்துக்கொள்ளச் செய்யலாம். நூறாண்டு கடந்த நிலை எதுவும் நேராக இருப்பதில்லை. கடிதத் துவாரத்துக்கு உட்புறம் தூரிகைப் பட்டையும் மூடியும் சேர்ந்த தகடு கிடைக்கும். திறப்புத் துவாரத்துக்கு ஒரு பக்கமாக ஆடி மூடும் பித்தளை மூடி போதும். இவை அனைத்தும் ஒரு சனிக்கிழமை வேலை.

இதன் பிறகும் மனம் ஆறவில்லை என்றால் பலகைகளைக் கவனிக்கலாம். சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே உட்புறமாக இருக்கும் பள்ளத்தில் மெல்லியதாயினும் வெப்பத்தை நன்கு தடுக்கும் 10 மி.மீ. ஏரோஜெல் போர்வையை வெட்டி வைத்து, மெல்லிய ஒட்டுப்பலகையால் மூடி, ஓரத்தில் மெல்லிய மரப்பட்டி அடித்தால், அந்தப் பகுதியின் யூ மதிப்பு 4இலிருந்து 1ஐ ஒட்டி இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கதவு பழையபடியே தோன்றும். ஆனால் புதிய பட்டியைச் சட்டத்தில் அடியுங்கள். பலகையில் அடிக்கவோ ஒட்டவோ வேண்டாம். பலகை தன் பள்ளத்துக்குள் சுருங்கி விரியும்படிதான் பழைய தச்சர்கள் அதைத் தளர்வாக விட்டார்கள். அதைக் கட்டிப்போட்டால் நடுவே வெடிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. புகைபோக்கியுடன் இணைந்த பழைய காஸ் நெருப்போ விறகு அடுப்போ வீட்டில் இருக்குமாயின், அது எரியத் தேவையான காற்று ஒருவேளை இந்த இடைவெளிகளின் வழியாகத்தான் வந்துகொண்டிருக்கலாம். அதை அடைத்தால் காபன் மொனொக்சைட்டு உள்ளேயே தேங்கும் அபாயம் உண்டு. காஸ் நெருப்பானால் காஸ் சேஃப் பதிவு பெற்ற ஒருவரிடமும், விறகு அடுப்பானால் அதற்குத் தகுதி பெற்ற ஒருவரிடமும் காற்றோட்டத்தைச் சோதித்துக்கொண்டு, எச்சரிக்கை மணியையும் பொருத்திய பின்னரே அடைக்கத் தொடங்குங்கள். மற்றையது நம் சமையல். புட்டும் இடியப்பமும் அவியும் ஆவி இதுவரை இந்த ஓட்டைகளால் வெளியேறிக்கொண்டிருந்தது. இனி அதற்கு வழி புகைவிசிறி ஒன்றே என்பதால், அவிக்கும்போது அதை அவசியம் போடுங்கள்.

விற்பனையாளரிடம் கேட்க மறந்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். காற்றடைப்புப் பட்டையைத் தொழிலாளர் ஒருவர் வாங்கிவந்து பொருத்தித் தந்தால், 2022 ஏப்ரலிலிருந்து 2027 மார்ச் முடியும் வரை பிரிட்டனில் அதற்குப் பெறுமதிசேர் வரி (VAT) பூச்சிய வீதம். புதிய கதவுக்கு அந்தச் சலுகை இல்லை.

கேள்வி: தீபாவளிக்கு முந்திய வாரம் எங்கள் தெருவில் இரண்டு தமிழ் வீடுகளில் கதவை உடைத்து நகைகளைக் களவாடிச் சென்றுவிட்டார்கள். எங்கள் முன்கதவும் பழைய மரக்கதவுதான். இழுத்து மூடியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் ஒன்றைத் தவிர வேறு பூட்டில்லை. காப்புறுதிப் படிவத்தில் பிஎஸ் 3621 பூட்டு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அது என்னவென்றே தெரியாமல் ஆம் என்று நிரப்பிவிட்டேன். மரக்கதவு பாதுகாப்பற்றது என்பது உண்மையா?
குரொய்டன் வாசகர்

பதில்: முதலில் அந்தப் படிவத்தைத் திருத்துங்கள் ஐயா. களவு நடந்த பிறகு பூட்டைப் பரிசோதிக்க வருபவர், இல்லாத பூட்டை இருப்பதாக எழுதியதைக் காரணங்காட்டி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

பூட்டு என்றவுடன் நம் மனத்தில் வருவது கம்பியை நுழைத்து நுணுக்கமாகத் திறக்கும் கள்வன். 1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹொப்ஸ், எவராலும் திறக்க முடியாது என்று கருதப்பட்டிருந்த பிரமா பூட்டைத் திறந்து காட்டி நகரத்தையே பதறவைத்தார். ஆனால் அதற்கு அவருக்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. உங்கள் தெருவுக்கு வருபவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவன் பூட்டைத் திறப்பதில்லை. பூட்டு இருக்கும் இடத்தைப் பார்த்துக் காலால் உதைக்கிறான்.

அப்படி உதைக்கும்போது எது உடைகிறது என்பதைக் கவனித்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். உடைந்த கதவுகளைச் சீர்செய்யப் போன இடங்களில் நான் பெரும்பாலும் கண்டது, கதவு முழுதாக நிற்க, நிலையில் பூட்டின் நாக்கு நுழையும் தகட்டைச் சுற்றி மரம் நெடுக்காகப் பிளந்து கிடந்த காட்சிதான். அந்தத் தகட்டைப் பிடித்திருந்தவை விரற்கடை நீளமுள்ள இரண்டு திருகாணிகள். எங்கள் ஊரில் வீடு கட்டும்போது நல்ல நாள் பார்த்து நிலை வைப்பார்கள்; கதவு மாட்டுவதற்கென்று தனியாக நாள் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும், முக்கியமானது எது என்பதில் அந்தப் பழக்கம் தவறவில்லை. அம்மம்மாவின் வீட்டில் இரவில் இரட்டைக் கதவின் குறுக்கே கணையமரத்தைப் போடும்போது, அதன் இரு நுனிகளும் நிலையைத் தாண்டிச் சுவருக்குள் இருந்த குழிகளில் போய் அமரும். உதை எத்தனை பலமாக விழுந்தாலும் அதைத் தாங்குவது சுவர்.

இங்கே அதே வேலையைச் செய்வதற்கு லண்டன் பார் என்றொரு நீண்ட இரும்புப் பட்டை இருக்கிறது. நைட் லாட்சின் நாக்கைப் பிடிக்கும் கூட்டைச் சுற்றி வளைந்து, நிலையின் உயரத்தில் பெரும்பகுதியை இது தழுவிக்கொள்வதால், ஓரிடத்தில் விழும் உதையின் விசை நிலை முழுவதற்கும் பரவிவிடுகிறது. இதன் உறவினனான பர்மிங்ஹாம் பார், வளைவற்ற தட்டைப் பட்டை. கதவுக்குள் புதைக்கப்படும் மோர்ட்டிஸ் பூட்டின் பக்கத்தையோ பிணைச்சற் பக்கத்தையோ வலுப்படுத்த அதைப் பயன்படுத்துவர். எதைப் பொருத்தினாலும் அதன் திருகாணிகளிற் சில 100 மி.மீ. நீளமுள்ளவையாக, நிலையைக் கடந்து செங்கல்லில் கவ்வும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

அடுத்தது நீங்கள் கேட்ட பிஎஸ் 3621. இது ஒரு பூட்டின் பெயரன்று. கள்வரை எதிர்க்கும் பூட்டுக்கான பிரித்தானியத் தர அளவை. இத்தரத்துக்கு உட்பட்ட ஐந்து லீவர் (திறப்பு தூக்கினால் மட்டுமே நகரும் உள்தகடுகள்) கொண்ட மோர்ட்டிஸ் பூட்டைத்தான் காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் எதிர்பார்க்கின்றன. கதவைத் திறந்து அதன் விளிம்பில் தெரியும் பித்தளைத் தகட்டைப் பாருங்கள்: அதில் அந்த எண்ணும், இதய வடிவை ஒத்த கைட்மார்க் முத்திரையும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பூட்டிய நிலையில் நாக்கு 20 மி.மீ. வெளியே நீண்டிருக்கும். ஐந்து லீவர் என்று மட்டும் எழுதியிருந்து தர எண் இல்லாவிட்டால், அது காப்புறுதிக்காரர் கேட்ட பூட்டன்று.

மோர்ட்டிஸ் பூட்டு கதவின் சட்டத்தைக் குடைந்து உள்ளே புதைக்கப்படுவது. சட்டம் 44 மி.மீ. தடிப்பாவது இல்லாவிட்டால் குடைந்த பிறகு இருபுறமும் ஓடுபோல மெலிந்த மரமே எஞ்சும். குடையும் இடமும் முக்கியம். கதவின் நடுக்குறுக்குச் சட்டம் நெடுஞ்சட்டத்தோடு இணையும் மூட்டுக்குள் துளையிட்டால், நூறாண்டாகக் கதவைத் தாங்கிய முளையையே வெட்டிவிடுகிறோம். ஆகவே அந்த மூட்டை விலக்கி, அடியிலிருந்து மூன்றிலொரு பங்கு உயரத்தில் மோர்ட்டிஸ் பூட்டையும், மேலிருந்து மூன்றிலொரு பங்கில் நைட் லாட்சையும் அமைப்பது வழக்கம். இரண்டும் அப்படிப் பிரிந்து நிற்கும்போது ஒரே உதையில் இரண்டையும் தளர்த்த முடியாது. உங்கள் பழைய நைட் லாட்சை, மூடியதும் நாக்கு தானாக இறுகிக்கொள்ளும் வகைக்கு மாற்றிவிடுங்கள். பழைய வகையில் ஒரு பிளாஸ்டிக் அட்டையை நுழைத்தே நாக்கைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம்.

பிணைச்சற் பக்கத்தை மறந்துவிடக் கூடாது. 100 மி.மீ. பிணைச்சல்கள் மூன்று இருக்க வேண்டும். பழைய கதவுகள் பலவற்றில் இரண்டே உண்டு. அவற்றுக்கு அருகில் இரண்டு பிணைச்சல் முளைகளைப் பொருத்தினால், கதவு மூடும்போது அவை நிலைக்குள் புகுந்து நிற்கும்.

திறப்பை வாசலருகில் தொங்கவிடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். கடிதத் துவாரத்தின் வழியாகக் கொக்கித் தடியை விட்டுத் திறப்பைத் தூண்டில் போட்டு எடுக்கிறார்கள். துவாரத்துக்கும் பூட்டுக்கும் இடையே 400 மி.மீ. இடைவெளியாவது இருப்பது நல்லது. அது இயலாத பழைய கதவுகளில், உட்புறத்தில் துவாரத்தை மூடும் கூடு ஒன்றைப் பொருத்தினால் கை வளையாது. ஆனால் இரவில் தீ மூண்டால் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், பிள்ளைகளுக்கும்கூட, அத்திறப்பு எங்கே இருக்கிறது என்பது இருட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். அந்த அச்சம் உள்ளவர்கள், உள்ளிருந்து திறப்பின்றித் திறக்கக்கூடிய பிஎஸ் 8621 தரப் பூட்டைக் கேட்டு வாங்கலாம். ஆனால் கதவில் கண்ணாடி இருந்தால் அதை உடைத்துக் கையை விடவும் அது வசதியாகும் என்பதால், முதலில் கண்ணாடியை வலுப்படுத்த வேண்டும்.

மரக்கதவு பாதுகாப்பற்றதா என்று கேட்டீர்கள். அழுகாத, 44 மி.மீ. தடிப்புள்ள மரக்கதவு, நல்ல நிலையில் நல்ல பூட்டோடு நின்றால், மலிவான பிளாஸ்டிக் கதவைவிட நம்பகமானது என்பதே என் கருத்து. அப்பிளாஸ்டிக் கதவுகளில் வெளியே துருத்திநிற்கும் சிலிண்டரை, அதாவது திறப்பு நுழையும் பூட்டு உருளையை, முறித்துத் திறப்பது கள்வர்களுக்குப் பழகிப்போன வேலை. நகைகளைப் பற்றி ஒரு வார்த்தை: தென்னாசியக் குடும்பங்கள் தங்கத்தை வீட்டில் வைத்திருப்பார்கள் என்பதைக் கள்வர்கள் அறிவார்கள் என்று தீபாவளி நாட்களில் பொலிசாரே எச்சரிப்பதுண்டு. தாலிக்கொடியைத் தவிர மற்றவற்றை எந்தக் கதவையும் நம்பி வீட்டில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஹரோவில் 1930களில் கட்டப்பட்ட வீடு. முன்கதவின் மேற்பாதியில் ஈயக் கம்பிகளுக்கு இடையே வண்ணக் கண்ணாடிகள் கோத்த நீள்வட்ட யன்னல் இருக்கிறது. மாலை வெயில் அதன் வழியே கூடத்தில் விழும் அழகுக்காகவே வீட்டை வாங்கினோம். ஆனால் அக்கண்ணாடி குளிரையும் தடுப்பதில்லை, ஒரு தட்டுக்கும் தாங்காது. கழற்றிவிட்டு இரட்டைக் கண்ணாடி போடச் சொல்கிறார்கள்.
ஹரோ வாசகர்

பதில்: கழற்ற வேண்டாம். வண்ணக் கண்ணாடியை அப்படியே விட்டு, உட்புறத்தில் 6.4 மி.மீ. லமினேட் கண்ணாடித் தகடு ஒன்றை மரப்பட்டியால் பொருத்துங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்ட இந்த வகை உடைந்தாலும் சிதறி விழாது. அதில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போடுவதற்குச் சத்தமும் நேரமும் செலவாகும், கள்வன் விரும்பாதவை அவ்விரண்டுமே. இரு கண்ணாடிகளுக்கும் இடையில் அகப்பட்ட காற்று குளிரையும் குறைக்கும். பொருத்துவதற்கு முன் இரு பக்கங்களையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள், பின்னர் அங்கே விரல் போகாது. உட்புறத் தகட்டின் ஓரங்களை நெருக்கமாக அடைத்து, வெளிப்புறப் பட்டியில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் இரண்டை விட்டால் நடுவில் நீர் பூக்காது. அதே காரணத்தால் மழையில்லாத, உலர்ந்த நாளில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

கதவிலுள்ள கண்ணாடியை எந்தக் காலத்தில் மாற்ற நேர்ந்தாலும், தரையிலிருந்து 1500 மி.மீ. உயரம் வரை வருவது பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று கட்டட விதி சொல்கிறது. உங்கள் தெரு பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறதா என்பதையும், வீடு பட்டியலிடப்பட்ட கட்டடமா என்பதையும் உள்ளூர்க் கவுன்சிலின் திட்டமிடற் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே வெளித்தோற்றத்தில் கைவைக்க வேண்டும்.

கேள்வி: பழைய வீடொன்றைப் பிரித்த மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறேன். பொது நடையை நோக்கிய என் கதவுக்கு நீங்கள் சொல்லும் பட்டைகளையும் பூட்டையும் நானே பொருத்தலாமா?
வோல்தம்ஸ்டோ வாசகி

பதில்: கூடாது. அது பெரும்பாலும் 30 நிமிடம் தீயைத் தாங்க வேண்டிய கதவு. அதன் விளிம்பில் இருப்பது வெறும் பட்டையன்று, வெப்பம் பட்டால் பொங்கி இடைவெளியை அடைக்கும் பட்டை. அதைப் பிடுங்கினாலோ பூட்டுக்காகக் குடைந்தாலோ உங்கள் கதவு மட்டுமன்றி, எல்லோரும் தப்பியோடும் வழியே பலவீனமாகும். தானாக மூடும் கருவியையும் கழற்றாதீர்கள். 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் குடியிருப்புகளின் வாசற்கதவுகளை ஆண்டுக்கொரு முறையாவது பரிசோதிக்கப் பொறுப்பாளர் முயல வேண்டும் என்று 2023 ஜனவரி 23 முதல் இங்கிலாந்தில் விதி நடைமுறையில் உள்ளது. உங்கள் கட்டடம் அதைவிடத் தாழ்ந்ததாக இருந்தாலும் வீட்டுச் சொந்தக்காரருக்கே எழுதுங்கள். பூட்டை மாற்றித் தருவதானால் உள்ளிருந்து திறப்பின்றித் திறக்கும் வகையைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் மரக்கதவு குளிர்காலத்தில் நிலையோடு இறுகிக்கொள்கிறது; தோளால் தள்ளித் திறக்கிறோம். கோடையில் கடகடவென்று ஆடுகிறது. அடிப்பக்கம் கறுத்தும் இருக்கிறது. சீவுளியால் சீவிவிடலாமா?
லெஸ்டர் வாசகர்

பதில்: சீவுளியை எடுப்பதற்கு முன் திருப்புளியை எடுங்கள். மேற்பிணைச்சலின் திருகாணிகள் தளர்ந்து, கதவு தன் பாரத்தால் பூட்டுப் பக்கமாகச் சாய்ந்திருப்பதே பல வீடுகளில் உள்ள நோய். துளைகள் பெருத்துவிட்டிருந்தால் பசை தோய்த்த தீக்குச்சிகளால் அவற்றை நிரப்பி, சற்று நீளமான திருகாணிகளை முடுக்கினால் கதவு நிமிர்ந்துவிடும்.

அதன் பிறகும் இறுகினால் அது மரத்தின் இயல்பு. மரம் நீளவாட்டில் அநேகமாக அசைவதில்லை. அகலவாட்டில் ஈரத்தைக் குடித்து விரியும். சட்டமும் பலகையுமாகக் கதவைப் பகுத்துச் செய்ததன் காரணமே இதுதான். பலகைகள் தம் பள்ளத்துக்குள் அசைந்துகொள்வதால், கதவின் அகலம் இரண்டு நெடுஞ்சட்டங்களின் அளவுக்கே, அதாவது ஓரிரு மில்லிமீட்டரே, மாறும். ஆகவே ஈரமான மாதத்தில் உரசும் இடங்களை மட்டும் சோக்கால் குறித்து, அப்போது 2 மி.மீ. இடைவெளி கிடைக்கும்படி சீவுங்கள். கோடையில் கூடும் மிச்சத்தை இறப்பர்ப் பட்டை பார்த்துக்கொள்ளும். சீவிய விளிம்பை அன்றைக்கே வர்ணம் பூசி மூடுங்கள். கதவின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் தடவிப் பாருங்கள்: கண்ணுக்குப் படாத இடம் என்று யாரும் பூசியிருக்க மாட்டார்கள். நெடுஞ்சட்டங்களின் வெட்டுமுகம் அங்கேதான் திறந்து கிடக்கிறது, ஈரம் ஏறுவதும் அவ்வழியேதான்.

ஒரு முக்கியமான விடயம்: 1960களுக்கு முன் பூசப்பட்ட வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடுவது கொடிய தவறு. கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் பரிசோதித்து, ஈயம் இருந்தால் ஈரமாகத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்துங்கள் அல்லது தெரிந்தவரிடம் விடுங்கள்.

கறுத்த இடத்தைத் திருப்புளி நுனியால் அழுத்துங்கள். உறுதியாக இருந்தால் அது கறை. நுனி அமிழ்ந்தால் அழுகல். நல்ல மரம் தென்படும் வரை வெட்டியெடுத்து, அதே வகை மரத்தைச் சாய்வாக ஒட்டி இணைக்க வேண்டும். வெளிப்புற அடியில் மழைநீரை விலக்கும் சாய்பலகை ஒன்றைப் பொருத்தும்போது, அதன் கீழ்ப்பக்கத்தில் நெடுக ஒரு சிறு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பள்ளத்தில்தான் நீர் சொட்டி விழும். இல்லாவிட்டால் அது பலகையின் அடியோடு ஓடி மீண்டும் கதவைச் சேரும்.

கேள்வி: கதவடியில் காற்று வராமலிருக்க அலுமினியப் பட்டையை வாசற்படியில் அறையப் போனேன். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் படியில் ஆணி அறையக் கூடாது என்று மாமியார் தடுத்துவிட்டார். அவரையும் நோகடிக்காமல் குளிரையும் நிறுத்த வழியுண்டா?
ஈஸ்ட் ஹாமிலிருந்து இன்னொரு வாசகி

பதில்: உண்டு, உங்கள் மாமியார் சொன்னதில் தச்சு நியாயமும் இருக்கிறது. படியில் துளையிட்டுப் பொருத்தும் பட்டைக்கு அடியில் மழைநீர் தங்கினால் முதலில் அழுகுவது அந்தப் படிதான். மேலும், வயதானவர்களின் கால் தடுக்கும் இடமும் அது. படியைத் தொடாமல் கதவிலேயே பொருத்தக்கூடிய இறங்குபட்டை என்றொரு கருவி கிடைக்கிறது. கதவின் அடியில் ஒரு பள்ளம் வெட்டி அதைப் பதிப்பார்கள்; வெட்ட மனமில்லாதவர்கள் உட்புறமாக மேலேயே திருகாணியால் பொருத்தும் வகையை வாங்கலாம். கதவு மூடும்போது பிணைச்சற் பக்கத்திலுள்ள சிறு குமிழ் நிலையில் அழுந்த, உள்ளிருக்கும் இறப்பர் விளிம்பு இறங்கிப் படியில் படிந்து காற்றை அடைக்கும். திறந்தவுடன் மேலே ஏறிவிடும் என்பதால் மஞ்சளும் கோலமும் அழியாது. வாங்கும்போது கதவின் அகலத்தைவிட ஒரு அளவு நீளமானதை வாங்கி, குமிழ் இல்லாத நுனியிலிருந்து மட்டும் வெட்டிக் குறையுங்கள். எவ்வளவு வரை வெட்டலாம் என்பதை உறையில் அச்சிட்டிருப்பார்கள்.